காலியான பிஎச்பி கோப்பிலிருந்து எச்டிஎம்எல் வரும்போது

ஓர் எழுத்துகூட இல்லாத பிஎச்பி கோப்பைச் சர்வரில் வைத்து அதன் முகவரியைத் திறந்தால், வரவேண்டிய பதில் மிகச் சிறியது. 200 என்ற நிலைக் குறியீடு, சில ஹெடர் வரிகள், அவற்றுக்குப் பின் எதுவுமே இல்லாத உடல். அந்த உடலின் அளவு 0 பைட். நிரல் எதையும் அச்சிடாவிட்டாலும், உள்ளடக்க வகையைச் சொல்லும் ஹெடரை பிஎச்பி தானாகவே சேர்த்து, ‘இது எச்டிஎம்எல், யுடிஎஃப்-8’ என்று அறிவித்துவிடும். அது இயல்பான நடத்தை. அதைப் பிழையாக எண்ணித் தேட வேண்டியதில்லை. தேட வேண்டியது, உடலில் வந்து நிற்கும் வரிகளை.

அப்படி வரும் வரிகள் பல வகை. சிலருக்கு எச்டிஎம்எல், ஹெட், பாடி என்ற மூன்று குறிச்சொற்கள் மட்டும் தெரியும். சிலருக்கு எங்கிருந்தோ ஒரு ஸ்கிரிப்ட் வரி, சிலருக்குத் தடித்த எழுத்தில் ஓர் எச்சரிக்கை, வேறு சிலருக்குத் தலைப்பும் அடிக்குறிப்பும் கொண்ட முழுப் பக்கம். கோப்பு காலியாக இருப்பதால் குற்றவாளி நிரல் அல்ல என்பது மட்டும் உறுதி. கோப்புக்கும் கண்ணுக்கும் நடுவில் நான்கு கைகள் இருக்கின்றன: பிஎச்பி இயந்திரம், வலைச் சர்வர், இடையிலுள்ள இணையப் பாதை, பிரவுசர். அந்த எச்டிஎம்எல் இவற்றுள் எங்கே பிறந்தது என்று தெரியும்வரை எந்த அமைப்பையும் மாற்றக் கூடாது. இடம் தெரியாமல் மாற்றுகிறவர்கள், கடைசியில் எந்த மாற்றம் பலித்தது என்று தெரியாமலே நிற்பார்கள். அதே கோளாறு மீண்டும் வரும்போது முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

பிரவுசர் கட்டும் பக்கம்

மிக அதிகமாக ஏமாற்றுவது பிரவுசர்தான். குரோமில் வலது கிளிக் செய்து ‘இன்ஸ்பெக்ட்’ கொடுத்தால் திறக்கும் எலிமென்ட்ஸ் பலகை, சர்வர் அனுப்பியதைக் காட்டுவதில்லை. அனுப்பியதைப் படித்து பிரவுசர் தன் நினைவகத்தில் கட்டிக்கொண்ட மரத்தைக் காட்டுகிறது. எச்டிஎம்எல் தரநிலையின்படி எச்டிஎம்எல், ஹெட், பாடி ஆகிய மூன்று குறிச்சொற்களையும் ஆவணத்தில் எழுதாமல் விடலாம். எழுதாவிட்டாலும் அந்த மூன்று உறுப்புகளையும் பிரவுசர் உருவாக்கியே ஆக வேண்டும். ஆகவே 0 பைட் பதிலுக்கும் அந்த மூன்றும் எலிமென்ட்ஸ் பலகையில் இருக்கும். டாக்டைப் வரி இல்லாததால் அந்தப் பக்கம் பழைய பாணி ஒத்திசைவு முறையில் திறக்கும் என்பதைத் தவிர இதில் வேறு விளைவு இல்லை. திருத்த வேண்டியதும் ஒன்றுமில்லை.

உள்ளடக்க வகை வெற்று உரை என்றோ ஜேசன் என்றோ அறிவிக்கப்பட்டிருந்தால், குரோம் பாடிக்குள் ‘ப்ரீ’ என்ற உறுப்பையும் சேர்த்து, அதற்கு வரி மடிப்புக்கான பாணியும் எழுதிவைக்கும். ஜேசன் அனுப்பும் நிரலைச் சோதிக்கும் பலர் இதைப் பார்த்துவிட்டு, தங்கள் நிரல்தான் எச்டிஎம்எல் கலக்கிறது என்று நம்பிவிடுகிறார்கள். பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரர் இன்னும் ஒரு படி மேலே போனது. வெற்றுப் பக்கத்தின் மூலத்தைக் கேட்டால், எச்டிஎம்எல் 4.0 டிரான்சிஷனல் டாக்டைப், மெட்டா வரி எல்லாம் சேர்த்துத் தானே எழுதிய ஒரு சட்டகத்தைக் காட்டும். இன்றும் உள்ள பழைய கேள்வி பதில்களில் பாதி குழப்பம் அந்தச் சட்டகத்திலிருந்து வந்தது.

இன்னொரு வகை, பிரவுசரின் சொந்தப் பிழைப் பக்கம். சர்வர் 500 என்ற குறியீட்டுடன் காலியான உடலை அனுப்பினால், குரோம் ‘இந்தப் பக்கம் வேலை செய்யவில்லை’ என்ற தன் பக்கத்தைப் போட்டுவிடும். அதன் மூலத்தை எலிமென்ட்ஸ் பலகையில் பார்த்தால் நூற்றுக்கணக்கான வரிகள் ஓடும். அவற்றில் ஒன்றுகூட சர்வரிலிருந்து வந்ததல்ல. நேரலைச் சர்வர்களில் பிழைகளைத் திரையில் காட்டும் அமைப்பை அணைத்து வைப்பது வழக்கம் என்பதால், நிரலை அங்கேயே நிறுத்திவிடும் பிஎச்பியின் உயிர்ப்பிழை பெரும்பாலும் இந்த உருவத்தில்தான் வெளியே தெரியும்.

நீட்சிகளையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கடவுச்சொல் நிர்வாகி, இலக்கணத் திருத்தி, விளம்பரத் தடுப்பான் போன்றவை பக்கம் திறந்த பிறகு மரத்துக்குள் தங்கள் உறுப்புகளைச் சேர்க்கின்றன. நீட்சிகள் இயங்காத மறைநிலைச் சாளரத்தில் திறந்து பார்த்தால் அவை காணாமல் போகும்.

பைட்டை எண்ணுதல்

எனவே முதல் வேலை, பிரவுசரை ஒதுக்கிவிட்டு சர்வர் அனுப்பியதை அப்படியே பார்ப்பது. அதற்குச் சிறந்த கருவி கர்ல். ஹெடர்களையும் உடலையும் சேர்த்துக் காட்டும் சிற்றெழுத்து ‘ஐ’ தெரிவுடன் முகவரியைக் கொடுத்தால் முழுப் பதிலும் முனையத்தில் வந்துவிடும். பேரெழுத்து ‘ஐ’ வேறு வேலை செய்யும். அது ஹெடர்களை மட்டும் கேட்பதால் உடலைப் பற்றி எதுவும் சொல்லாது. உடலை மட்டும் வாங்கி, சொல் எண்ணும் ‘டபிள்யூசி’ கட்டளையிடம் பைட் எண்ணும் தெரிவோடு கொடுத்தால் ஓர் எண் கிடைக்கும். 0 வந்தால் சர்வர் பக்கம் சுத்தம். கண்டது எல்லாம் பிரவுசரின் வேலை, தேடல் அங்கேயே முடிகிறது. 0 அல்லாத எண் வந்தால்தான் இந்த அத்தியாயத்தின் மீதிப் பகுதி தேவை.

முனையம் கைவசம் இல்லாதவர்கள் பிரவுசர் கருவிகளில் நெட்வொர்க் பலகையைத் திறந்துவைத்துப் பக்கத்தை மறுபடி ஏற்றி, அந்தக் கோரிக்கையின் ரெஸ்பான்ஸ் பகுதியைப் பார்க்கலாம். ‘பக்க மூலத்தைக் காண்க’ என்ற தெரிவும் எலிமென்ட்ஸ் பலகையைவிட நம்பகமானது. ஆனால் அது சில நேரம் பக்கத்தைப் புதிதாகக் கேட்டு வாங்கும் என்பதால், முதலில் கண்ட பதிலும் அதுவும் ஒன்றுதான் என்று சொல்ல முடியாது.

உடலில் எதையோ கண்டுவிட்டால், அடுத்து நிலைக் குறியீட்டைப் பார்க்க வேண்டும். 200 அல்லாத எதுவாக இருந்தாலும், காலிக் கோப்பு ஓடியிருக்க வாய்ப்பு குறைவு. அப்பாச்சியின் உள்ளமைந்த பிழைப் பக்கத்தைத் தெரிந்துகொள்வது எளிது: எச்டிஎம்எல் 2.0 என்ற மிகப் பழைய டாக்டைப் வரியோடு அது தொடங்கும். எஞ்சின்எக்ஸின் பிழைப் பக்கத்தில் நடுவில் குறியீடும் தலைப்பும், கோட்டுக்குக் கீழே அந்தச் சர்வரின் பெயரும் இருக்கும். அதைக் குரோம் வழியாகக் கேட்டால், கடைசியில் ஒரே கருத்துரை பலமுறை திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கும். 512 பைட்டுக்குக் குறைந்த பிழைப் பதிலைப் பழைய பிரவுசர்கள் தம் சொந்தப் பக்கத்தால் மறைத்ததால், அளவைக் கூட்டவே எஞ்சின்எக்ஸ் அந்த நிரப்பலைச் சேர்க்கிறது. இதைத் தீங்கு நிரல் என்று பயந்தவர்கள் உண்டு.

முன்னும் பின்னும் ஒட்டப்படும் கோப்புகள்

குறியீடு 200, உடலில் எச்டிஎம்எல், கோப்போ காலி. இந்த நிலையில் முதலில் சந்தேகப்பட வேண்டியவை பிஎச்பியின் இரண்டு அமைப்புகள்: ஆட்டோ ப்ரிபெண்ட் ஃபைல், ஆட்டோ அப்பெண்ட் ஃபைல். முதலாவதில் பெயரிடப்பட்ட கோப்பு ஒவ்வொரு நிரலுக்கும் முன்பாகவும், இரண்டாவதில் உள்ளது பின்பாகவும் ஓடும். நிரலைத் தொடாமலே எல்லாப் பக்கங்களிலும் தலைப்பு, வருகைக் கணக்கு, விளம்பரம், பாதுகாப்புச் சோதனை எதையும் சேர்க்க இவை போதும். இலவச ஹோஸ்டிங்கில் விளம்பரம் ஒட்டப்படும் வழிகளில் இது ஒன்று.

இந்த அமைப்பு எழுதப்படும் இடங்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை என்பதுதான் தேடலைக் கடினமாக்குகிறது. முதன்மையான பிஎச்பி டாட் ஐஎன்ஐ கோப்பில் இருக்கலாம். அப்பாச்சிக்குள்ளேயே பிஎச்பி தொகுதியாக ஓடினால் டாட் எச்டிஆக்சஸ் கோப்பில் இருக்கலாம். சிஜிஐ அல்லது எஃப்பிஎம் முறையில் ஓடினால் டாட் யூசர் டாட் ஐஎன்ஐ என்ற கோப்பில் இருக்கலாம், பிஎச்பி 5.3-இல் வந்த வசதி இது. நிரல் இருக்கும் ஃபோல்டரில் தொடங்கி, தளத்தின் மூல ஃபோல்டர்வரை ஒவ்வொரு படியிலும் அந்தக் கோப்பை பிஎச்பி தேடிப் படிக்கும். பெயர் புள்ளியில் தொடங்குவதால் கோப்பு மேலாளரில் மறைந்தே இருக்கும். மறைகோப்புகளைக் காட்டும் தெரிவை இயக்காமல் தேடினால் கிடைக்காது. அதைத் திருத்திய உடனே மாற்றம் தெரியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். படித்ததை பிஎச்பி இயல்பாக 300 வினாடி நினைவில் வைத்திருக்கும். ஐந்து நிமிடம் பொறுக்காமல், திருத்தம் பலிக்கவில்லை என்று முடிவு செய்து அடுத்த இடத்தைக் கலைப்பது வழக்கமாக நடக்கும் தவறு.

சரிபார்க்க எளிய வழி, காலிக் கோப்பில் தற்காலிகமாக பிஎச்பி இன்ஃபோ என்ற ஒரே அழைப்பை எழுதித் திறப்பது. வரும் அட்டவணையில் இந்த இரு அமைப்புகளுக்கும் நேரே உள்ளூர் மதிப்பு, முதன்மை மதிப்பு என்று இரண்டு பத்திகள் இருக்கும். முதன்மை காலியாகவும் உள்ளூரில் ஒரு பாதையும் இருந்தால், அது அந்தத் தளத்தின் ஃபோல்டரிலிருந்தோ அந்தத் தளத்துக்கென்று சர்வரில் எழுதப்பட்ட அமைப்பிலிருந்தோ வந்தது. சோதனை முடிந்ததும் அந்த அழைப்பைக் கட்டாயம் நீக்கிவிட வேண்டும். சர்வரின் உள்விவரம் முழுவதையும் அது வெளியாருக்குத் திறந்து காட்டும்.

இதற்கு நன்கு தெரிந்த எடுத்துக்காட்டு, வேர்ட்பிரஸ் தளங்களில் பயன்படும் வேர்ட்ஃபென்ஸ் பாதுகாப்புச் செருகுநிரல். தன் தீச்சுவர் மற்ற எல்லாவற்றுக்கும் முன்பே ஓட வேண்டும் என்பதற்காக அது இந்த முன்னொட்டு அமைப்பைப் பயன்படுத்துகிறது. செருகுநிரலின் கோப்புகளை மட்டும் கையால் அழித்துவிட்டு டாட் யூசர் டாட் ஐஎன்ஐ வரியை விட்டுவிட்டால், அந்தத் தளத்தில் உள்ள எந்த பிஎச்பி கோப்பும், காலியானதும்கூட, உயிர்ப்பிழையில் நிற்கும். அந்தப் பிழைச் செய்திக்கு ஓர் அடையாளம் உண்டு: எந்தக் கோப்பில் பிழை என்ற இடத்தில் ‘அன்நோன்’ என்றும், வரி எண் 0 என்றும் இருக்கும். எந்தக் கோப்பும் இன்னும் திறக்கப்படவில்லை என்பதால்தான் அப்படி வருகிறது. இந்த 0-ஆம் வரியைக் கண்டால் நிரலைப் புரட்டுவதை நிறுத்திவிட்டு முன்னொட்டு அமைப்பைத்தான் பார்க்க வேண்டும்.

கட்டளை வரியில் அதே கோப்பை பிஎச்பி கட்டளையால் ஓட்டிப் பார்ப்பதும் உதவும். ஆனால் அதன் முடிவைக் கவனமாகப் படிக்க வேண்டும். கட்டளை வரி பிஎச்பி பெரும்பாலும் வேறொரு ஐஎன்ஐ கோப்பைப் படிக்கும், டாட் எச்டிஆக்சஸையும் டாட் யூசர் டாட் ஐஎன்ஐயையும் படிக்காது. அங்கே 0 பைட்டும் வலையில் 400 பைட்டும் வந்தால், பிஎச்பி இயந்திரத்தின் மீது குற்றமில்லை. வலைக்கென்று எழுதப்பட்ட அமைப்புகளிலோ, வலைச் சர்வரிலோ, பாதையிலோதான் காரணம் இருக்கிறது.

ஓடுவது அந்தக் கோப்புதானா

முழுப் பக்கம் ஒன்று வந்து நின்றால், காலிக் கோப்பு ஓடவே இல்லை என்பதற்கான வாய்ப்பே மிகுதி. திருத்தியது ஒரு ஃபோல்டரில், சர்வர் படிப்பது வேறு ஃபோல்டரில் என்பது அன்றாடம் நிகழ்வது. கோப்பில் எங்கும் இல்லாத ஒரு சொல்லை எழுதிச் சேமித்து, அது பதிலில் வருகிறதா என்று பார்த்தால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். இந்தச் சோதனையைச் செய்யாமல் மற்ற எதையும் தொடங்குவது நேர விரயம்.

சொல் வரவில்லை என்றால் காரணங்கள் சில. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு அவற்றில் ஒன்று. விண்டோஸ் கணினியில் பேரெழுத்தில் தொடங்கும் பெயரும் சிற்றெழுத்துப் பெயரும் ஒன்றே. லினக்ஸ் சர்வரில் அவை இரண்டு கோப்புகள். வேர்ட்பிரஸின் வழக்கமான மறுஎழுத்து விதி, கேட்ட பெயரில் கோப்போ ஃபோல்டரோ இல்லாத கோரிக்கைகளை எல்லாம் தன் இன்டெக்ஸ் நிரலிடம் தள்ளிவிடும். அதனால் ஓர் எழுத்து பிசகினாலும் தளத்தின் அலங்காரத்தோடு முழு எச்டிஎம்எல் வரும். அதோடு வரும் 404 குறியீடுதான் அதைக் காட்டிக்கொடுக்கும். திரையை மட்டும் பார்ப்பவருக்கு அது தெரியாது.

இன்னொன்று ஓபிகேஷ். தொகுத்த நிரலை நினைவகத்தில் வைத்திருந்து வேகம் கூட்டும் இந்தப் பகுதி, இயல்பாக 2 வினாடிக்கு ஒருமுறை கோப்பு மாறியதா என்று பார்க்கும். வேகத்துக்காக அந்தச் சோதனையை முழுவதும் அணைத்துவைத்த சர்வர்களில், கோப்பைக் காலி செய்த பிறகும் பழைய நிரல் தொடர்ந்து ஓடிக்கொண்டே இருக்கும். பிஎச்பி சேவையை மறுதொடக்கம் செய்தால்தான் விடும். பிரவுசரின் சேமிப்பு, பக்கங்களை இடையில் வைத்து வழங்கும் சிடிஎன் சேவையின் சேமிப்பு ஆகியவையும் பழைய பக்கத்தையே தரலாம். முகவரியின் முடிவில் கேள்விக்குறியும் ஏதாவது ஓர் எண்ணும் சேர்த்துக் கேட்டால் பெரும்பாலும் புதிய பதில் வந்துவிடும்.

ஃபிரேம்வொர்க்குகளில் காலி என்பதற்கே பொருள் வேறு. ரெயில்ஸில் காலியான வியூ கோப்பு, பொதுச் சட்டகமாக இருக்கும் லேஅவுட்டுக்குள் பொருத்தப்பட்டுத்தான் வெளியே வரும். ஏஎஸ்பி டாட் நெட் வெப்ஃபார்ம்ஸில் காலிப் படிவத்துக்கும் வியூஸ்டேட் என்ற மறைபுலம் சேரும். சிம்ஃபனியின் உருவாக்க நிலையில் கீழ்ப்பட்டை ஒன்று தானாக ஒட்டிக்கொள்ளும். விஷுவல் ஸ்டுடியோ 2013 முதல் உள்ள பிரவுசர் லிங்க் வசதியும், பக்கத்தைத் தானாகப் புதுப்பிக்கும் பிரவுசர்சிங்க் போன்ற கருவிகளும் ஸ்கிரிப்ட் வரியைச் சேர்க்கும். இவை எல்லாம் ஆவணங்களில் சொல்லப்பட்ட நடத்தைகள். உருவாக்க நிலையை அணைத்தாலோ லேஅவுட் வேண்டாம் என்று சொன்னாலோ போய்விடும்.

கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள்

எடிட்டரில் காலியாகத் தெரியும் கோப்பு 3 பைட் இருந்தால் அதில் பைட் வரிசைக் குறி இருக்கிறது என்று பொருள். யுடிஎஃப்-8இல் அதன் மதிப்புகள் 239, 187, 191. விண்டோஸ் நோட்பேட் நெடுங்காலம் யுடிஎஃப்-8 கோப்புகளில் இதை எழுதிவந்தது. விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து குறியில்லாத வடிவமே இயல்பானது. காலிக் கோப்பில் இந்தக் குறி பெரிய தீங்கு செய்யாது. மற்றொரு நிரல் அதை உள்ளே இழுக்கும்போது தொல்லை தொடங்கும். ஹெடர்கள் முன்பே அனுப்பப்பட்டுவிட்டன என்ற எச்சரிக்கை வரும், செஷன் தொடங்காது, படம், பிடிஎஃப் போன்ற தரவிறக்கங்கள் கெடும். பக்கத்தின் நடுவில் விழுந்த குறியை பிரவுசர் ஓர் எழுத்தாகவே எடுத்துக்கொண்டு பாடியைத் திறந்துவிடுவதால், ஹெட்டுக்குள் இருக்க வேண்டியவை எல்லாம் பாடிக்குள் தெரியும்.

பிஎச்பியின் மூடும் குறிக்குப் பிறகு வரும் வெற்று வரிகளும் அப்படியே. முதல் ஒரு வரிமுறிவை மட்டும் பிஎச்பி விழுங்கிக்கொள்ளும். மற்றவை வெளியே போகும். பிஎச்பி மட்டுமே உள்ள கோப்புகளில் மூடும் குறியே எழுத வேண்டாம் என்று பிஎஸ்ஆர்-12 நடைமுறை விதி சொல்வது இதனால்தான். அதைக் கண்டிப்பாகப் பின்பற்றுவது நல்லது.

தடித்த எழுத்தில் எச்சரிக்கை வந்தால் அதற்கும் விளக்கம் உண்டு. எச்டிஎம்எல் எரர்ஸ் என்ற அமைப்பு இயக்கத்தில் இருக்கும்போது, பிஎச்பி தன் பிழைச் செய்திகளை வரிமுறிவு, தடிப்புக் குறிச்சொற்களோடு எழுதும். எக்ஸ்டீபக் என்ற பிழைதிருத்த நீட்சி இருந்தால் அந்தச் செய்தி வண்ண அட்டவணையாகவே மாறும். ஜேசன் எதிர்பார்க்கும் ஜாவாஸ்கிரிப்ட், கோணக் குறியைக் கண்டு ‘எதிர்பாராத குறி’ என்று நின்றுவிடுவது பெரும்பாலும் இந்தச் செய்திகளாலோ மேலே சொன்ன பிழைப் பக்கங்களாலோதான். நேரலைச் சர்வரில் பிழைகளைத் திரைக்கு அல்ல, பதிவுக் கோப்புக்கு அனுப்ப வேண்டும்.

சர்வரும் பாதையும்

பிஎச்பி சுத்தமாக இருந்தும் எச்டிஎம்எல் வந்தால் வலைச் சர்வரின் வடிகட்டிகளைப் பார்க்க வேண்டும். எஞ்சின்எக்ஸில் பதிலின் முன்னும் பின்னும் உரை சேர்க்கும் தொகுதி உண்டு, உரையை மாற்றும் சப் ஃபில்டர் உண்டு. அப்பாச்சியில் மாட் சப்ஸ்டிட்யூட் உண்டு. காலியான பிஎச்பி கோப்புக்குப் பக்கத்திலேயே காலியான எச்டிஎம்எல் கோப்பு ஒன்றை வைத்துக் கேட்பது இங்கே நல்ல சோதனை. இரண்டிலும் ஒரே வரிகள் வந்தால் பிஎச்பிக்கு அதில் பங்கில்லை.

அடுத்து, சர்வருக்குள்ளேயே நுழைந்து 127.0.0.1 என்ற உள்முகவரியிலிருந்து கர்லால் கேட்க வேண்டும். சரியான தளம் பதில் சொல்ல, கர்லின் ரிசால்வ் தெரிவில் தளத்தின் பெயரையும் அந்த முகவரியையும் இணைத்துக் கொடுக்கலாம். உள்ளே 0, வெளியே அதிகம் என்றால் கலப்பு பாதையில் நடக்கிறது. சிடிஎன் சேவைகள் ஸ்கிரிப்ட் சேர்ப்பது தெரிந்ததே. அவற்றின் கட்டுப்பாட்டுப் பலகையில் அணைக்கலாம். இணைய நிறுவனங்களும் இதைச் செய்திருக்கின்றன. அமெரிக்காவின் காம்காஸ்ட், வாடிக்கையாளர் பார்க்கும் பக்கத்துக்குள் அறிவிப்பைச் செருகும் தன் முறையை 2011-இல் ஆர்எஃப்சி 6108 ஆவணமாகவே வெளியிட்டது. இந்தியாவில் 2015-இல் ஏர்டெல் 3ஜி இணைப்பு வழியே வரும் பக்கங்களில் ஸ்கிரிப்ட் வரி சேர்க்கப்பட்டது வெளியாகிப் பெரும் விவாதமானது. தளம் முழுவதையும் எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாற்றுவதுதான் இதற்கு மருந்து. பயனரின் கணினியிலேயே மறைவிலக்கிப் படிக்கும் வைரஸ் தடுப்பு மென்பொருளை மட்டும் அது தடுக்காது. காஸ்பர்ஸ்கி பக்கங்களில் செருகிய ஸ்கிரிப்டில் ஒவ்வொரு பயனருக்கும் தனி அடையாள எண் இருந்ததை 2019-இல் ஜெர்மனியின் சி’டி இதழ் வெளிப்படுத்தியது.

தீங்கு நிரலாக இருந்தால்

மேலே சொன்ன எதிலும் அடங்காத ஐஃபிரேம் அல்லது குழப்பி எழுதிய ஸ்கிரிப்ட் தெரிந்தால் சர்வர் ஊடுருவப்பட்டிருக்கலாம். முன்னொட்டு அமைப்பு ஊடுருவுபவர்களுக்கும் வசதியானதே. 2013-இல் பரவிய டார்க்லீச் இன்னும் ஆழமாகப் போய், அப்பாச்சியில் ஒரு போலித் தொகுதியை ஏற்றிப் பதில்களில் ஐஃபிரேமைச் செருகியது. தளத்தின் கோப்புகளை எவ்வளவு தேடினாலும் அவற்றில் எதுவும் கிடைக்காது. இத்தகைய நிரல்கள் எல்லாருக்கும் தெரியும்படி நடந்துகொள்வதும் இல்லை. தேடுபொறியிலிருந்து வருபவருக்கு மட்டும், ஒரு முகவரிக்கு ஒருமுறை மட்டும் என்று ஒளிந்து இயங்கும். கர்லில் ரெஃபரர் ஹெடரையும் யூசர் ஏஜென்ட் பெயரையும் மாற்றி மாற்றிக் கேட்டால் பதிலின் பைட் எண்ணிக்கை மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். மாறினால் அந்தச் சர்வரை நம்பக் கூடாது. ஒட்டிய வரியை மட்டும் நீக்கித் தொடர்வது போதாது. புதிதாக நிறுவிய சர்வருக்குத் தளத்தை மாற்றி, எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்ற வேண்டும்.

பகிர்வு ஹோஸ்டிங்கில் இருப்பவர்களால் சர்வரின் தொகுதிகளைப் பார்க்க முடியாது. நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும். அப்போது திரைப்பிடிப்பு எடுத்து அனுப்புவதால் பயனில்லை. கர்ல் தந்த முழுப் பதில் ஹெடர்களோடு, கேட்ட நேரம், கேட்ட இணைய முகவரி, காலியான எச்டிஎம்எல் கோப்பைக் கேட்டபோது வந்த பதில் ஆகிய நான்கையும் சேர்த்து அனுப்புங்கள்.